விலக்கு கேட்கவில்லை, வகுப்பைத்தான் கேட்டோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் 1 சேர்க்கை வந்துவிட்டால் எந்தக் குரூப் எடுக்கலாம், எதற்கு மவுசு, எதற்கு வேலை என்று பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள். நானும் விடாமல் படிக்கிறேன். ஆனால் சேர்க்கை விண்ணப்பத்தில் 'மொழி' என்று சின்னதாக ஒரு கட்டம் இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. என் அக்கா மகள் அந்தக் கட்டத்தில் 'பிரெஞ்சு' என்று எழுதிக் கொடுத்தாள். பள்ளியில் அதை அடித்துவிட்டு, மேலே 'விலக்கு' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். பிள்ளைக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்காது. எனக்கும் அப்படித்தான். எங்கள் வீட்டில் தலைமுறைக்கு ஒருவருக்காவது வந்துவிடுகிறது, டாக்டர் மரபணு என்கிறார், என் பாட்டி கடைசிவரை யாரோ வைத்த கண் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவோடு நானும் பள்ளிக்குப் போனேன். பள்ளி எது என்று சொல்லப் போவதில்லை, அது இங்கே முக்கியமில்லை, எந்தப் பள்ளிக்குப் போயிருந்தாலும் ஏறக்குறைய இதேதான் நடந்திருக்கும். "அரசாங்கமே இவளுக்கு ஒரு மொழி எழுத வேண்டாம்னு சொல்லுது, அப்புறம் எதுக்குப் பிள்ளையைச் சிரமப்படுத்துறீங்க? அதுவும் பிரெஞ்சு முழுக்க முழுக்க உச்சரிப்புங்க, காது நல்லா இருக்கறவங்களுக்கே வராது" என்றார் தலைமை ஆசிரியர். நல்ல மனதோடுதான் சொன்னார், அதனால் சண்டை போடவும் வழியில்லை. இதை அக்கா பிறகு எனக்கு எழுதிக் காட்டினாள், ஏனென்றால் அவர் பேசும்போது பாதி நேரம் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், வாயைப் பார்க்காமல் எனக்கு ஒன்றும் விளங்காது.

இந்த விலக்கு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். தமிழகத்தில் செவித்திறன் குறைந்த மாணவர்கள் பொதுத்தேர்வில் இரண்டு மொழித் தாள்களில் ஒன்றை எழுதாமல் விடலாம். 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில், காது கேளாத பிள்ளைகள் ஒரே ஒரு மொழியை மட்டும் எடுத்துப் படிக்க ஏதுவாகப் பாடத்திட்டத்தை மாற்றியமைக்க வேண்டும் என்று இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 17ஆவது பிரிவு, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, இரண்டாவது மூன்றாவது மொழிகளிலிருந்து விலக்கு என்பதையும் ஒரு வசதியாகச் சேர்த்திருக்கிறது. வசதி என்றால் வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்வது. பஸ்ஸில் முதியோருக்கு இருக்கை ஒதுக்கினால் முதியவர் நிற்கவே கூடாது என்று அர்த்தமா? 'எடுத்துக்கொள்ளலாம்' என்று சட்டம் சொன்னதைப் பள்ளி 'எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்' என்று வாசிக்கிறது. காரணமும் எனக்குத் தெரியும். விலக்கு எழுதிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை, தேர்ச்சி விகிதமும் குறையாது.

நான் இந்த விலக்கை வாங்கியவன், அதனால் தைரியமாகப் பேசுகிறேன். 2001இல் பத்தாம் வகுப்பு எழுதியபோது ஆங்கிலத்தை விட்டுவிட்டேன். அன்றைக்கு எனக்குக் கொண்டாட்டம்தான், மற்ற பையன்கள் ஆங்கில இரண்டாம் தாள் எழுதிய நாளில் நான் குளத்தில் கிடந்தேன். இன்று கடலூரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன், இருபது வருடம் ஆகப் போகிறது. தமிழில் என் கண்ணுக்குத் தப்பி ஒற்று ஒன்று போய்விட முடியாது, இதை அடக்கமில்லாமலே சொல்லிக்கொள்வேன். ஆங்கிலம் வந்தால் மூலப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்ப்பேன், கோலத்துக்குப் புள்ளி எண்ணுவது மாதிரி. ஒருமுறை கல்யாணப் பத்திரிகை ஒன்று ஆங்கிலத்தில் வந்தது. கையெழுத்துப் பிரதியில் 'ஓ' எழுத்து 'யு' போலத் தெரிந்தது, அச்சுக் கோத்தவரும் 'யு' என்றே அடித்திருந்தார், நானும் ஒத்துப் பார்த்து விட்டுவிட்டேன். ஐந்நூறு பத்திரிகை அச்சாகிப் போன பிறகு மாப்பிள்ளையின் அப்பா வந்து நிற்கிறார். 'எங்கள் மகனின் திருமணம்' என்பது 'எங்கள் சூரியனின் திருமணம்' என்று ஆகியிருந்தது. மகனுக்கும் சூரியனுக்கும் ஆங்கிலத்தில் காதுக்கு ஒரே 'சன்'தான், கண்ணுக்கு ஓர் எழுத்து வித்தியாசம். அந்த ஓர் எழுத்தைப் பிடிக்க எனக்குக் காது வேண்டியதே இல்லை. மொழி தெரிந்திருந்தால் போதும், அதைத்தான் யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

காது கேட்காதவர்களுக்கு மொழி ஏன் கஷ்டம் என்பதைக் கேட்பவர்கள் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். காது மெஷின் போட்டால் சரியாகிவிடும், இல்லையென்றால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று நினைக்கிறார்கள். கண்ணாடி முன் நின்று சத்தம் வராமல் 'மாமா' என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் 'பாப்பா' என்று சொல்லுங்கள். உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். 'பணம்', 'மணம்' இரண்டும் அப்படியே. பணம் வந்ததா என்று கேட்கிறாரா மணம் வந்ததா என்று கேட்கிறாரா என்பதை அவர் சாம்பார் கரண்டியோடு நிற்கிறாரா பில் புத்தகத்தோடு நிற்கிறாரா என்று பார்த்துத்தான் நான் முடிவு செய்வேன். வாழை, வாளை, வாலை மூன்றுக்கும் நாக்கு உள்ளே என்ன செய்கிறது என்பது வெளியே தெரியாது. வாய் பார்த்துப் புரிந்துகொள்வதில் பெரும்பகுதி ஊகம். ஊகிப்பதற்கு மொழி முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதனால் ஒரு புது மொழியை வாய் பார்த்து மட்டும் யாராலும் கற்றுக்கொள்ள முடியாது, இதில் தலைமை ஆசிரியரோடு எனக்குக் கருத்து வேறுபாடு கிடையாது.

மெஷின் கதை வேறு. அது சத்தத்தைப் பெரிதாக்கும், தெளிவாக்கும் என்று உறுதி இல்லை. என்னைப் போன்ற பலருக்குத் தாழ்ந்த ஒலிகள் ஓரளவு விழும், உச்ச ஒலிகள்தான் போய்விடும். ஆங்கிலத்தில் 'ஸ்', 'ஃப்', 'த்' எல்லாம் அந்த உச்சத்தில் நிற்கிற ஒலிகள். ஆங்கில இலக்கணத்தில் பாதி அந்த 'ஸ்' தலையில்தான் ஏற்றி வைத்திருக்கிறது, ஒருமை பன்மை, இன்னாருடையது, அவன் செய்கிறான் என்பது எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு 'ஸ்'. அது காதில் விழாத பிள்ளை எழுதும்போதும் அதை விட்டுவிடும். ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்து 'கவனம் இல்லை' என்று எழுதுவார். அக்கா மகளின் ஏழாம் வகுப்பு ஆங்கில நோட்டு என்னிடம் இருக்கிறது, ஒரே பக்கத்தில் பதினொரு சுழி, பதினொன்றும் அந்த 'ஸ்'தான். அவளை உட்கார வைத்து, இது காதில் விழாது, புத்தகத்தில் ஒவ்வொரு வரியிலும் கண்ணால் தேடு, பச்சைப் பென்சிலால் கோடு போடு என்றேன். எனக்கே அரைகுறைதான், அவள் புத்தகத்தை வைத்து நானும் சேர்ந்து படித்தேன். இரண்டு மாதத்தில் சுழிகள் ஒன்றிரண்டாகக் குறைந்தன. பத்தாம் வகுப்பில் விலக்கு வேண்டாம் என்று இரண்டு மொழித் தாளையும் எழுதித் தேறினாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எங்களுக்குத் தமிழே பாதி அந்நிய மொழிதான். வீட்டில் அம்மா வாயில் 'வந்துட்டாங்க' என்று பார்க்கிறோம், புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்' என்று இருக்கிறது. கேட்கிற குழந்தை ரேடியோ, டிவி, கோயில் மைக், கட்சிக் கூட்டம் என்று நாலா பக்கமும் எழுத்துத் தமிழைக் கேட்டே வளர்கிறது, இரண்டும் ஒன்றுதான் என்று பள்ளிக்கு வரும் முன்பே அதற்குத் தெரியும். எங்களுக்கு அதை யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். பிறவியிலேயே கேட்காத பிள்ளைகளுக்குச் சைகைதான் முதல் மொழி, தமிழ் இரண்டாவது, ஆங்கிலம் மூன்றாவது. இந்திய சைகை மொழிக்கு 2021இல் பத்தாயிரம் சொற்களுக்கு அகராதியே வந்துவிட்டது, இன்னமும் அதைக் 'கைஜாடை' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆக, அந்நிய மொழியைக் கண்ணால் கற்றுக்கொள்வது எப்படி என்பதில் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு மூன்று வயதிலிருந்து அனுபவம் இருக்கிறது. அவளைப் பார்த்துத்தான் 'உனக்கு மொழி வராது' என்கிறார்கள்.

சரி, பிரெஞ்சுக்கு வருகிறேன். நாங்கள் கடலூர், பாண்டிச்சேரி பக்கத்து ஊர். சின்ன வயதில் அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் தெருமுனையில் இருக்கும் நீலப் பலகைகளில் நின்றுவிடுவாள். தமிழ் ஒரு பக்கம், பிரெஞ்சு ஒரு பக்கம். 'துய்மா வீதி' என்று தமிழில் இருக்கிறது, பிரெஞ்சில் கடைசியில் ஓர் 'எஸ்' இருக்கிறதே, அதை ஏன் தமிழில் எழுதவில்லை என்று ஒன்பது வயதில் என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பிறகு அவளே கண்டுபிடித்தாள், அந்த எஸ்ஸை யாருமே உச்சரிப்பதில்லையாம். பிரெஞ்சுக்காரர்களுக்கே கேட்காத எழுத்து! அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அங்கிருந்து பிடித்த பைத்தியம் இது. (தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுக்கிறாயே என்று பிழை திருத்துகிற மாமாவுக்கு உள்ளுக்குள் வருத்தம் உண்டு. அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை, இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.)

மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் 2 பிரெஞ்சு எப்படி நடக்கிறது என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். பொதுத்தேர்வு எழுத்துத் தேர்வு. தமிழ் எடுத்தால் மார்க் போய்விடும் என்று பயந்து காது நன்றாகக் கேட்கும் பிள்ளைகள் வரிசையாகப் பிரெஞ்சில் சேர்ந்து, வினா விடைகளை உருப்போட்டு, தொண்ணூறுக்கு மேல் வாங்கிவிட்டுப் போகிறார்கள். அதில் எத்தனை பேர் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் தண்ணீர் கேட்டு வாங்குவார்கள்? அவர்களும் இந்த மொழியைக் கண்ணால்தான் படிக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாத உச்சரிப்புக் கவலை எங்கள் பெண்ணுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

அதுவும் பிரெஞ்சு, எழுத்தில் இருப்பதில் பாதியைக் காதுக்குக் கொடுக்காத மொழி. அக்கா மகள் எனக்குக் காட்டிய உதாரணம் இது. 'அவன் பேசுகிறான்' என்பதும் 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதும் காதுக்கு ஒரே 'இல் பார்ல்'தான். எழுதும்போது மட்டும் 'அவர்கள்' என்பதில் ஓர் எஸ் ஒட்டும், 'பேசு' என்பதன் வால் நீளும். பிரான்சில் பள்ளிக் குழந்தைகள் சொல்வதைக் கேட்டு எழுதும்போது இந்த வால்களில்தான் தடுக்கி விழுகிறார்களாம். கண்ணாலேயே மொழியைப் பழகுகிறவளுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று தலைமை ஆசிரியருக்கு எழுதிக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டு "ரொம்பக் கெட்டிக்காரி" என்று அக்காவிடம் சொன்னார். விண்ணப்பத்தை மாற்றவில்லை.

காது கேட்காதவர் அந்நிய மொழி கற்பது புதுசா என்ன? இந்தப் பிரெஞ்சிலேயே ஒருவர் இருந்திருக்கிறார். லோரான் கிளேர், 1785இல் பிறந்தவர், குழந்தையிலிருந்தே கேட்காது, பாரிஸில் காது கேளாதோர் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியராக ஆனவர். அமெரிக்காவிலிருந்து தாமஸ் காலடெட் என்ற பாதிரியார் காது கேளாதோருக்குக் கற்பிக்கும் முறையைத் தெரிந்துகொள்ள ஐரோப்பா வந்தார், 1816இல் கிளேரையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். 52 நாள் பயணம். கப்பலில் காலடெட் கிளேருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார், கிளேர் காலடெட்டுக்குச் சைகை சொல்லிக் கொடுத்தார். கிளேர் தினமும் ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதுவார், காலடெட் திருத்திக் கொடுப்பார். அடுத்த வருடமே இருவரும் சேர்ந்து ஹார்ட்ஃபோர்டில் பள்ளி தொடங்கிவிட்டார்கள். அமெரிக்க சைகை மொழியில் இன்றைக்கும் பிரெஞ்சு சைகையின் சாயல் இருப்பதற்கு அந்தக் கப்பல்தான் காரணம். மெஷின் கிடையாது, மின்சாரம் கிடையாது, நடுக்கடல், ஒரு நோட்டு, திருத்திக் கொடுக்க ஓர் ஆள். ஹெலன் கெல்லர் கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன் எல்லாம் எழுதித்தான் ராட்கிளிஃப் கல்லூரிக்குள் போனார். அவரைப் பற்றிப் பேச்சுப் போட்டி மட்டும் பள்ளிகளில் வருடம் தவறாமல் நடக்கிறது.

பள்ளி இல்லையென்றால் வெளியே படித்துக்கொள்ளலாமே என்றார்கள். ஒரு தனியார் மொழிப் பயிற்சி நிலையத்தில் விசாரித்தோம். அங்கே இருந்தவர் கொஞ்சம் யோக்கியமான காரணம் சொன்னார். பிரெஞ்சு மொழித் தகுதிக்கு நடத்தும் டெல்ஃப் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நாலு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தத்தில் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் ஐந்துக்குக் கீழே போகக் கூடாது. மற்ற மூன்றிலும் முழுசாக எடுத்தாலும் கேட்டலில் நாலு வாங்கினால் தோல்விதான். "எங்க ரிசல்ட்டைக் கெடுத்துக்கணுமா?" என்று வாய்விட்டே கேட்டார். ஆனால் அதே தேர்வை நடத்துகிறவர்கள், மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே கேட்டால் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி ஏற்பாடு செய்து தருகிறார்கள். அவர் அதை விசாரித்ததே இல்லை, கேட்டு வந்த முதல் ஆளே நாங்கள்தானாம். கேம்பிரிட்ஜ் ஆங்கிலத் தேர்வில் ஒலிப்பதிவுக்குப் பதிலாக ஒருவர் எதிரே உட்கார்ந்து, வாய் தெரியும்படி வாசித்துக் காட்டுகிற கேட்டல் தாளே உண்டு. மதிப்பீட்டை மாற்ற அவர்களுக்கு மனம் இருக்கும்போது, நமக்கு மட்டும் 'விலக்கு' என்ற ஒரு முத்திரையைத் தவிர வேறு எதுவும் தோன்ற மாட்டேன் என்கிறது.

வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் பெரிய செலவு எதுவும் சொல்ல மாட்டேன். போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசாதீர்கள், எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் பேசுங்கள். ஜன்னலுக்கு முன்னால் நிற்காதீர்கள், வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் வாய் இருட்டாகிவிடும். நாளைக்கு நடத்தப் போகும் பாடத்தின் சொற்களை இன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், தெரிந்த சொல்லைத்தான் வாயில் பார்த்துப் பிடிக்க முடியும். ஒலிப்பதிவு போட்டால் அதன் எழுத்து வடிவத்தையும் கையில் கொடுங்கள். வீடியோ என்றால் கீழே எழுத்து ஓட வேண்டும், தமிழில் ஓடினால் போதாது, பிரெஞ்சுக்குப் பிரெஞ்சே ஓட வேண்டும். மற்ற பிள்ளைகள் பதில் சொல்லும்போது யார் பேசுகிறார்கள் என்று கையைக் காட்டுங்கள், எங்கள் தலை அந்தப் பக்கம் திரும்புவதற்குள் பதில் முடிந்துபோகிறது. பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் போனில் இலவசமாகவே வந்துவிட்டன, பிரெஞ்சையும் எழுதுகின்றன, ஆசிரியர் மேசையில் போனை வைக்க அனுமதித்தால் சரி. 1966இல் ஓரின் கார்னெட் என்பவர் வாய்க்குப் பக்கத்தில் கையை வைத்து ப, ம போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் முறை ஒன்றைக் கண்டுபிடித்தார், பிரான்சில் அது பிரெஞ்சுக்கே புழக்கத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை, அந்தச் சொல் தாளைக் கொடுத்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடுவோம்.

கேட்பதை எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். விலக்கை எடுத்துவிடுங்கள் என்று தயவுசெய்து யாரும் இந்தக் கடிதத்தைக் காட்டிப் பேச வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை ஒரு மொழியும் உருப்படியாகக் கிடைக்காமல், சைகையும் தெரியாமல், கடைசிப் பெஞ்சில் சும்மா உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர், அவர்களுக்கு அது இல்லையென்றால் பத்தாம் வகுப்பே கிடையாது. இப்போது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சின்னஞ்சிறு வயதிலேயே காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கருவி) வைத்துக்கொண்ட குழந்தைகள் சாதாரணப் பள்ளிகளுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள், அவர்களில் சிலர் மூன்று மொழிகூடப் படிப்பார்கள், சிலருக்கு ஒன்றே பாரம். எந்தப் பிள்ளைக்கு எது என்பதை அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும், விலக்குக்கான விண்ணப்பத்தில் மாணவரும் பெற்றோரும் கேட்டு எழுதினால்தான் செல்லும், பள்ளி தானாக எழுதக் கூடாது என்று. உங்கள் நாளிதழ் எழுதினால் அது சீக்கிரம் நடக்கும் என்று நம்பித்தான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன். இடம் போதாவிட்டால் என் கல்யாணப் பத்திரிகைக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள்.

அக்கா மகள் இப்போது விலக்கோடு அந்தப் பள்ளியிலேயே சேர்ந்துவிட்டாள். மொழி வகுப்பு நடக்கும் நேரத்தில் அவளை நூலகத்தில் உட்கார வைக்கிறார்கள். அங்கே பிளஸ் 1 பிரெஞ்சுப் புத்தகம் ஒன்று இருக்கிறது, அவளே எடுத்து வைத்துக்கொண்டு மூன்று பாடம் முடித்துவிட்டாள். போன வாரம் பிரெஞ்சு வகுப்புப் பையன் ஒருவன் நூலகத்துக்கு வந்து, 'அவன் பேசுகிறான்', 'அவர்கள் பேசுகிறார்கள்' இரண்டுக்கும் எழுத்து எப்படி என்று அவளிடம் நோட்டை நீட்டியிருக்கிறான். டீச்சர் சொன்னது ஒரே மாதிரி கேட்டதாம். எழுதிக் கொடுத்தாளாம்.

இப்படிக்கு,
அச்சகப் பிழை திருத்துநர் ஒருவர்,
கடலூர்.